நின்ற ஆட்டையே பிடித்துக் கொடுத்தோம்

கண்ணு,

நேற்று நீ பையைக் கட்டி வைத்தாய். இன்று காலை பார்த்தால் அதிலிருந்து மூன்று சட்டைகள் மறுபடியும் கொடிக்கு வந்திருக்கின்றன. கேட்டதற்கு, "அடுத்த வருசம் போயிக்கறேம்மா, இந்தக் குட்டிப் பருவம் முடியட்டும்" என்றாய். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் உன் கல்லூரி திறக்கிறது. இருபத்து நான்கு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு விலங்கியல் முதல் வருட வகுப்பில் உட்காரப் போகிறவன் நீ. உட்காருவாயா, மறுபடியும் ஆட்டுப் பட்டிக்கே திரும்பிவிடுவாயா என்பது இந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். நம் ஆடுகளின் குணத்தை அளக்க வந்தாரே கால்நடை ஆராய்ச்சி டாக்டரம்மா, அவர் தங்கள் விவசாயிகள் இதழுக்காக "உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தார். அந்தப் பக்கங்களை உனக்கு எழுதுகிறேன். தனியாக எழுதிக் கொடுத்தால் படித்துவிட்டு "செரிம்மா" என்று மடித்து வைத்துவிடுவாய். உன் செரிம்மாவைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நம் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளகோவிலுக்குத் தெற்கே எட்டு ஏக்கர் கொறங்காடு. மழைக்குக் கொழுக்கட்டைப் புல் முளைக்கிற மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம். காலையில் செம்மறிகளை உள்ளே விட்டு வேலி வாசல் படலைச் சாத்தினால் சாயங்காலம் வரை அவை தம்பாட்டுக்கு மேயும். கூடவே திரிய ஆள் வேண்டாம். இதை நம் ஊர்க்காரர்கள் பெரிய சாமர்த்தியம் என்பார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் நாள் முழுக்க மனித வாடையே படாமல் மேய்கிற ஆட்டை, வேண்டும் என்கிறபோது பிடிப்பது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. நம் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டரம்மா ஒரு பலகைப் பெட்டியோடு வந்து இறங்கியது உனக்கு மறந்திருக்காது. ஒவ்வோர் ஆட்டையும் தனியாக அந்தப் பெட்டிக்குள் ஒரு நிமிடம் அடைப்பார்கள். உள்ளே அது எத்தனை தடவை உலுக்குகிறது, எத்தனை தடவை கத்துகிறது என்று குறித்துக்கொள்வார்கள். உன் அப்பா கட்டிலில் காலை நீட்டியபடி, "ஏனுங்க, ஆட்டுக்குக் குணம் இருக்குதான்னு பாக்கறதுக்கா உங்குளுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க. தாய்கிட்டருந்து குட்டிக்கு எத்தன போவுதுன்னுதான் பாக்கோணும்."

"எங்கூட்ல அது போவலீங்க. இவ வாயில காவாசி பையனுக்கு வந்துருந்தாத் தேவலைங்க."

நீ குனிந்து பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு அடித்த ஆணியை எல்லாம் நம் ஆடுகள் இரண்டே நாளில் பிடுங்கிவிட்டன. மூலனூர் பக்கம் ஒரு வீட்டு ஆடுகள் அதே பெட்டியில் அசைபோட்டுக்கொண்டு நின்றனவாம். நம்முடையவை பலகையைப் பிளந்தன. அதே இனம், அதே நிறம், அதே புல். டாக்டரம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை. தீவனத்தைக் கேட்டார், தண்ணீரைக் கேட்டார், நாய் உண்டா என்று கேட்டார். கடைசியாக, "விக்கறதுக்கு எந்த ஆடுன்னு எப்புடிங்க பொறுக்குவீங்க?" என்று கேட்டார்.

"பொறுக்கறது எங்கீங்க," என்றேன் நான். "வியாபாரி வண்டியோட வந்து நிப்பாரு. எட்டு ஏக்கராவுல எதைன்னு தொரத்தறது? சிக்கறதப் புடிச்சுக் குடுத்துப்போடுவோம்."

"எது சிக்குங்க?"

"நிக்கறது சிக்கும்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த நீ சிரிக்க ஆரம்பித்தாய். சிரிப்பை அடக்க முடியாமல் கீழே இறங்கிவிட்டாய். "அம்மா, இருவது வருசமா நிக்கற ஆட்டையெல்லாம் கறிக்கு அனுப்பிப்போட்டு, ஓடற ஆட்டையெல்லாம் வெச்சுப் பெருக்கியிருக்கறம். இதுக்கு மேல அதுங்க பலகைய ஒடைக்காம என்ன பண்ணும்?"

ஒரு வீடே உட்கார்ந்து இருபது வருடமாகச் செய்த முட்டாள்தனத்தை நீ ஒரு மூச்சில் சொன்னாய். டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான் மற்றது எல்லாம் புரிந்தது. ஈன்ற ஆடு நின்றால்தான் குட்டி மடியைத் தேடிப் பிடிக்கும். ஒரு காலடிச் சத்தத்துக்கே குட்டியை விட்டுவிட்டு வேலி ஓரம் ஓடுகிற தாயின் குட்டி என்ன செய்யும்? வருடா வருடம் நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்த அத்தனை குட்டிகளும் நாம் பெருக்கிய பயந்தாங்கொள்ளிகளின் பிள்ளைகள். நாமோ திருஷ்டி என்று சொல்லிப் பட்டி வாசலில் பூசணிக்காய் கட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை வியாபாரி சாகுல் பாய் வண்டியோடு வந்தபோது, பெட்டிக் கணக்கு எழுதி வைத்திருந்த நோட்டை நீ எடுத்துக்கொண்டு வந்தாய். எந்தெந்த நம்பர் பெட்டியை உடைத்ததோ அதுதான் இந்தத் தடவை வண்டி ஏறும் என்றாய். படலுக்குப் பக்கத்தில் சாதுவாய் நாலு செம்மறிகள் நின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு நாம் ஓடியதைப் பார்த்து பாய்க்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, நிக்கற ஆட்ட உட்டுப்போட்டு ஓடற ஆட்டத் தொரத்தறீங்களே, வெயில்ல ஏதாச்சும் ஆகிப்போச்சுங்களா?"

"ஆராய்ச்சிங்க பாய்."

"அப்ப நானும் ஒரு ஆராய்ச்சி பண்றேன். இந்த நெழல்ல எத்தன நேரம் உக்காரலாம்னு."

இரண்டு மணி நேரம் ஓடினோம். நீ கிளுவை வேலியில் விழுந்து முதுகெல்லாம் கீறிக்கொண்டாய். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓடாத ஓட்டம் ஓடினேன். ஓட முடியாத உன் அப்பா படலில் நின்றுகொண்டு, "மேக்கால போவுது, மேக்கால" என்று கிழக்கே கை காட்டினார். ஐந்து ஆட்டைப் பிடித்து முடித்தபோது மூன்று பேரும் மண்ணில் உட்கார்ந்து சிரித்தோம். இந்தக் காட்டில் நாம் சேர்ந்து சிரித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. இதுவரை உழைத்திருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம், மழைக்கு அண்ணாந்து பார்த்திருக்கிறோம். சிரித்ததில்லை.

நான் எழுத வேண்டியது இனிமேல்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் உன் அப்பா சரளை ரோட்டில் வண்டியோடு விழுந்து கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அந்த வாரம்தான் உனக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து இடம் வந்திருந்தது. மேய்க்க வேண்டாம்தான், ஆனால் தண்ணீர் காட்ட, பட்டி கூட்ட, குட்டி பார்க்க ஆள் வேண்டும். வீட்டில் இருந்தது நீயும் தாரணியும். உன் தங்கைக்குப் பதினைந்து வயது. "ஒரு வருசம் பள்ளிக்கோடத்துக்குப் போகாட்டி என்ன" என்று நான் வாயைத் திறந்ததுமே அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் வந்தும் பேசவில்லை. நான்கு நாள் பேசவில்லை. அவளிடம் எனக்குப் பயம் வந்துவிட்டது. உன்னிடம் வந்தேன். "செரிம்மா" என்றாய். அவ்வளவுதான். தாரணி இப்போது நர்ஸ் படிப்பு முடிக்கப்போகிறாள். நீ புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

உன்னிடம் கேட்டதைவிடப் பெரிய குற்றம் அதற்குப் பிறகு செய்தது. கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று போன இடத்தில் எல்லாம், "எம்பையன் ஒரு வார்த்த எதுத்துப் பேசமாட்டான்" என்று பெருமை பேசினேன். கேட்டவர்களும் உன் தலையைத் தடவினார்கள். நம் பக்கத்தில் வாய் நிறைய மரியாதை உண்டு. பிறந்த குழந்தையையும் வாங்க போங்க என்போம். அந்த மரியாதைக்குள்ளேயே ஒரு கயிறும் இருக்கிறது. எதிர்க்காத பிள்ளையைத் தேடிப் பிடித்து, நல்ல பிள்ளை என்று பெயர் வைத்து, எல்லோருடைய வேலையையும் அதன் தலையில் கட்டுவோம். எனக்கும் அதுதான் நடந்தது. என் பெரியப்பா மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு திறக்கவே இல்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். பதினெட்டு வயது. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. உன் அப்பா நல்ல மனிதராக வாய்த்தார் என்பது என் அதிர்ஷ்டம். அதற்கும் அவர்கள் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை.

மேடையில் பேசுகிறவர்கள் குடும்ப விவசாயம் என்றால் உருகுகிறார்கள். போன மாதம் ஒருவர் வந்து, மண்ணோடு பிணைந்த குடும்பம் என்று அரை மணி நேரம் பேசினார். குடும்ப விவசாயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கூலி கேட்காத ஆள் வீட்டுக்குள்ளேயே இருப்பது. என் மாமனார் காலத்தில் இதே பட்டியைப் பார்த்தது இன்னொரு தெருவின் பிள்ளைகள். அவர்கள் நம் வாசலுக்கு வெளியே நின்று கையேந்தித் தண்ணீர் குடித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும், ஆள் கிடைப்பதில்லை என்று நம் ஆட்கள் இன்றைக்கும் புலம்புகிறார்கள். அவர்கள் போனது நல்லது. அவர்கள் போன இடத்தில் நாம் யாரை நிறுத்தினோம்? பட்டாவில் பெயர் இல்லாத பெண்டாட்டியை. எதிர்த்துப் பேசாத மகனை. இதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை. டாக்டரம்மா, இந்தப் பத்தியை வெட்டிவிடாதீர்கள்.

ஆட்டில் குணம் ரத்தத்தில் போகிறது என்று நீயே காட்டினாய். பலகையை உடைத்தவளின் குட்டி ஒன்றையும், அசைபோட்டு நின்றவளின் குட்டி ஒன்றையும் பிறந்த அன்றே நீயும் டாக்டரம்மாவும் தாய் மாற்றி விட்டீர்கள். சாதுவின் பாலைக் குடித்து வளர்ந்த ஓடுகாலியின் குட்டி, பெட்டிக்குள் போனதும் தன் ரத்தத்தைக் காட்டிவிட்டது. "ரெண்டு குட்டிய வெச்சு ஒண்ணுஞ் சொல்ல முடியாதுங்க, இன்னும் நெறையப் பட்டியில பாக்கோணும்" என்று டாக்டரம்மா எச்சரித்தார். ஆனாலும், அப்படியானால் தலையாட்டுகிற குணத்தை நான்தான் உனக்குப் பெற்றுக் கொடுத்துவிட்டேனா என்று நினைத்தேன். பிறகு உன் காதுகுத்து ஞாபகம் வந்தது. மூன்று வயது. உன் மாமா மடியில் உன்னை உட்கார வைத்து இரண்டு கையையும் பிடித்தார். ஆசாரி கம்பியை எடுத்ததும் நீ மாமாவின் கட்டைவிரலைக் கவ்விவிட்டாய். விடவே இல்லை. ஆசாரி சொன்னார், "மொதல்ல மாமனுக்குக் கட்டுப்போடுங்க, காது அப்பறம் குத்திக்கலாம்." அந்தத் தழும்பு இன்னும் மாமாவுக்கு இருக்கிறது. கடிக்கிற பிள்ளையாகத்தான் நீ பிறந்தாய். அதன் பிறகு ஒவ்வொரு வருடமாக உன்னைப் பழக்கியது நான்.

ஆகவே திங்கட்கிழமை காலை பஸ் ஏறு. ஆட்டைப் பற்றி யோசிக்காதே. உன் அப்பாவுக்கு இப்போது நடக்க முடிகிறது. ஓடத்தான் முடியாது. ஓடுகிற ஆடுகளில் பாதியை நீயே விற்றுவிட்டாய். நிற்கிறதைப் பார்த்துக்கொள்ள நாங்கள் போதும். இந்தப் பருவம் புட்டிப்பாலுக்கு ஒரே ஒரு குட்டிதான் வந்தது. அதையும் நீ கொடுக்கிற நேரத்தில் நானே கொடுத்துவிடுவேன். போ.

இப்படி எழுதிவிட்டு, எழுதியதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் போகச் சொன்னால் நீ செரிம்மா என்று போய்விடுவாய். அதுவும் அதே செரிம்மாதானே. இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மேலே உள்ளது வெள்ளிக்கிழமை எழுதியது. இன்று ஞாயிற்றுக்கிழமை. இடையில் நடந்ததை இதழ் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

நேற்றுக் காலை நான் தீவனம் வைத்துவிட்டு உள்ளே வந்தால் நீ இந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாய். உன் முகம் சிவந்திருந்தது. நீ அழுவாய் என்று நினைத்தேன்.

"இதென்னம்மா எழுதி வெச்சிருக்கற? நான் சிக்குனனா?"

"பின்ன என்ன கண்ணு."

"யாரு சொன்னா? ஆறு வருசத்துக்கு முன்னால எனக்குக் கோயமுத்தூருன்னாலே பயம். இங்கிலீசுன்னா பயம். அப்பா கால் ஒடிஞ்சது எனக்கு நல்ல சாக்கு. நீ வந்து கேக்காட்டியும் நான் போயிருக்க மாட்டேன். என்னக் கேக்காமயே நீயாக் கதை கட்டி எழுதிருக்கற."

நீ நிறுத்தவில்லை.

"இப்பவும் அப்புடித்தான். திங்கக்கெழம போறான் திங்கக்கெழம போறான்னு ஊரெல்லாஞ் சொல்லிப்போட்ட. காலேஜு அன்னைக்கித் தொறக்குதுதான், ஆனா நான் கெளம்பற நாளக் குறிச்சது நீ. எனக்கு எந்த நாளு தோதுப்படும்னு ஒரு வார்த்த கேட்டியா? அந்தக் கோவத்துலதான் அடுத்த வருசம்னு சொன்னேன்."

"செரி, அதான் இப்பச் சொல்றனே, திங்கக்கெழம கெளம்பு."

"திங்கக்கெழம போகமாட்டேன்."

பதினேழாம் நம்பர் ஆடு ஈனப்போகிறது என்றாய். தாய் மாற்றி வளர்த்த அந்த ஓடுகாலியின் மகள். அவள் தன் குட்டிக்கு நிற்பாளா, ஓடுவாளா என்று பார்க்காமல் போனால் இரண்டு வருடம் எழுதியதற்கு அர்த்தமே இல்லை என்றாய். கல்லூரி ஆபீசுக்கு நீயே போன் பண்ணியிருக்கிறாய். இரண்டு நாள் தள்ளி வந்தால் ஒன்றும் ஆகாது என்றார்களாம். "அவ எப்ப ஈன்டாலும் புதங்கெழம நான் கெளம்பிருவேன். ஈனாட்டி நீ பாத்து எழுது. என்னைய பஸ் ஏத்தித் தாட்டி உடறேன்னு யாரும் வரவேண்டாம்."

முதல் நாளே வகுப்புக்குப் போகாவிட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றேன். "சிரிக்கட்டும்" என்றாய். மாமா வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். "வேண்டாம்னு சொல்லு" என்றாய். இந்தக் கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். நான் மாட்டேன் என்றேன். ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். நீ கத்தினாய். உனக்கு அவ்வளவு குரல் இருப்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. சமையலறையில் பாத்திரம் அதிர்ந்தது.

நீ சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் கதையை எழுதினேன். மீதிப் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு உனக்குப் பதினெட்டு வயது, எனக்கு முப்பத்தெட்டு. உன் பயத்தைப் பார்த்திருக்க வேண்டியவள் நான். பார்த்திருந்தால் கூடவே கோயம்புத்தூர் வந்து முதல் நாள் வகுப்பு வாசலில் நின்றிருப்பேன். எனக்கு ஆள் தேவைப்பட்டது, அதனால் பார்க்கவில்லை. இதைக் கிழிக்காமல் வைத்ததற்கு அதுதான் காரணம். உன் பேச்சையும் சேர்த்தே எழுதிவிட்டேன், படிக்கிறவர்கள் யார் சொல்வது சரி என்று பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் நேற்று உன் எதிரில் இதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலுக்கு ஓடி, "ஏனுங்க, சீக்கிரம் வாங்க. உங்க பையன் எதுத்துப் பேசறான்" என்று கூப்பிட்டேன்.

உன் அப்பா ஆடுகளுக்காகக் கையில் வைத்திருந்த சோளத்தட்டுக் கட்டோடு காலை இழுத்துக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன, சண்டையா?"

"ஆமாங்க."

"யாரு செயிக்கறது?"

"அவன்தானுங்க."

சோளத்தட்டுக் கட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, முறிந்த காலை மெதுவாக நீட்டி உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணுமே கேக்கல," என்றார். "மறுக்கா மொதல்லருந்து போடுங்க."

உன்னிடம் தோற்றுப்போன
அம்மா